வீட்டுக்குள் ஏழு வயது

வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் அவளுக்கு ஏழு வயது, வெளியே போனால் பதினேழு. அந்த நாட்டில் குடும்பம் வந்து இறங்கியபோது அவளுக்கு ஏழு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் அது அத்தோடு நின்றுவிட்டது. உடம்போடு உடுப்பும் சுருங்கிக்கொடுத்தது. வாசலிலேயே கிடப்பதால் செருப்பு மட்டும் சுருங்கவில்லை. அது அப்பாவுடையது என்று அம்மாவும், அம்மாவுடையது என்று அப்பாவும் நினைத்துக்கொண்டார்கள். அப்பா குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்கினார். அம்மா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தையல் கடையில் அடுத்தவர் உடுப்புகளைப் பிடித்தும் விட்டும் தைத்தாள். இருவரும் இருட்டில் போய் இருட்டில் திரும்பினார்கள். விடுமுறை நாளில் தூங்கினார்கள். மகளோடு தெருவில் நடக்க அவர்களுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

வீட்டில் அவள் பொடிசு. சொன்ன பேச்சு கேட்பாள், தட்டில் போட்டதைத் தின்பாள், எதையும் ஏன் என்று கேட்க மாட்டாள். பள்ளியில் அவள் நெட்டை, கைப்பந்துக் குழுவின் தலைவி. நடுவரோடு மல்லுக்கு நிற்பாள்; யாராவது ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். பொடிசுக்கு நெட்டையை நினைத்தால் பயம். நெட்டைக்குப் பொடிசை நினைத்தால் வெட்கம்.

குழுவுக்குப் புதுச் சீருடை வந்தபோது, அளவு சரிசெய்யப் பயிற்சியாளர் எல்லோரையும் அம்மாவின் கடைக்கே கூட்டிப்போனார். அம்மா நாடாவோடு முக்காலியில் ஏறி நின்று, அந்த நாட்டு மொழியில் திக்கித் திக்கி, "மேடம், கை... மேல" என்றாள். நெட்டை கையைத் தூக்கினாள். அம்மா முக்காலியிலிருந்து இறங்கி இடுப்பளவு எடுக்கக் குனிந்தபோது, அவள் உச்சந்தலை முழுக்க நரைத்திருப்பது தெரிந்தது. வீட்டில் பொடிசின் கண்ணுக்கு அந்த உயரம் எட்டியதில்லை.

"எவ பெத்தாளோ, கொடிக்கம்பம் மாதிரி வளர்ந்து நிக்கறா. கண்ணு படப் போகுது" என்று அம்மா தன் மொழியில் முணுமுணுத்தாள்.

"என்னடி சொல்லுது அது? உனக்கு அந்தப் பாஷை தெரியும்தானே?" என்று ஒரு தோழி இடித்தாள்.

"தெரியாது" என்றாள் நெட்டை.

அன்று இரவு சோறு போடும்போது அம்மா சொன்னாள்: "இன்னைக்குக் கடைக்கு ஒரு பொண்ணு வந்தா, பொடிசு. கடைசி வரைக்கும் எங்கிட்ட வாயே திறக்கலை. என்னா கெத்து! நீ வளர்ந்தா அப்படி ஆயிடாதே."

"ஆக மாட்டேன்மா."

அடுத்த ஆண்டு தூரத்து நகரக் கல்லூரி ஒன்று விளையாட்டுக்காக அவளைச் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். "காலேஜாம்ல! முதல்ல விழுந்த பல்லு முளைக்கட்டும்" என்று அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரே ஒரு தடவை, முழு உயரத்தில் அம்மா தன்னைப் பார்த்து வழியனுப்ப வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கிளம்புகிற நாள் அம்மாவுக்குக் கடை விடுமுறை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படிக்கு வெளியே நின்று மணி அடித்தாள்.

அம்மா கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, நான்தாம்மா."

"அட, நம்ம பாஷை தெரியுமா உனக்கு? அன்னைக்குக் கல்லு மாதிரி நின்னியே!" அம்மாவுக்குக் கோபமில்லை. "அளவெல்லாம் கடையிலதான் எடுப்பேன், கண்ணு. நாளைக்கு வா."

"நாளைக்கு இருக்க மாட்டேன்மா. ஊரை விட்டுப் போறேன். இப்பவே ரயில்."

"நல்லபடியா போயிட்டு வா. உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இப்பதான் சொன்னேன்."

அவள் படியேறவில்லை. ரயில் கிளம்பியது. இரவு கிடங்கிலிருந்து திரும்பிய அப்பா, பொடிசு எங்கே என்று கேட்டார். "தூங்கறா, எழுப்பிடாதீங்க" என்று அம்மா விளக்கை அணைத்தாள். அதன்பின் பல ஆண்டுகள் அவளை யாரும் எழுப்பவில்லை.