பத்தரை மணிக்கு ஆள் தேவை

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, திருப்பூர் ராயபுரத்திலிருந்து இயங்கும் பின்னல் டிவியில் ‘ராத்திரி ஷிப்ட்’ நிகழ்ச்சி ஒளிபரப்பாகவில்லை.

ஆறு வருடம் அதை நடத்திய குணா சென்னையில் ஒரு பெரிய சேனலுக்குப் போய்விட்டார். ஒரு மேசை, ஒரு மைக், இரண்டு தொலைபேசி. ஊர் நடப்பைக் கொஞ்சம் கிண்டலடிப்பார், பிறகு அழைப்பவர்களை வம்புக்கு இழுப்பார், அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் பனியன் கம்பெனியில் எட்டரைக்கு வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து சோறாக்கிச் சாப்பிட்டவர்கள் காலை நீட்டுகிற நேரம் அது. நிட்டிங் மெஷின் ஓட்டுகிற இரவு ஷிப்ட் ஆட்கள் செல்போனில் பார்ப்பார்கள். குணா போன மறுநாளிலிருந்து, புது ஆள் யார் என்று கேட்டு சேனலுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

சேனல் உரிமையாளர் சென்னிமலை, அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவர். அவருக்குத் தெரிந்த தேர்வு முறை ஒன்றுதான். கம்பெனி ஒரு சட்டையைத் தைத்து சாம்பிளாக, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும். தோள் அரை சென்டிமீட்டர் கூடுதல், கழுத்து இறுக்கம் என்று வரிசையாகக் கமெண்ட் எழுதி அவர் திருப்பி அனுப்புவார். கம்பெனி எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் திருத்தி, மறு சாம்பிள் அனுப்பும். அப்ரூவல் வந்த பிறகுதான் மெஷின் ஓடும். தொகுப்பாளரையும் இப்படியே எடுத்துவிடலாம் என்று சென்னிமலை நினைத்தார். ஆளுக்கு இருபது நிமிட சாம்பிள், விளம்பரதாரரின் கமெண்ட், திருத்தம், பிறகு ஆளுக்கு ஓர் இரவு நேரலை.

விளம்பரதாரர் ஒருவர்தான். வீரபாண்டியில் ஏற்றுமதிக்கும் உள்ளூருக்கும் தைக்கிற கம்பெனியின் முதலாளி பெருமாள்சாமி. அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவருடைய உள்ளாடை விளம்பரத்தில்தான் ஓடியது.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெருமாள்சாமியின் அக்கா மகன் பரணி. பொறியியல் படித்துவிட்டு, கோவையில் ஓட்டல்களில் மேடை ஏறி நகைச்சுவை பேசிக்கொண்டிருந்தார். சிபாரிசில் வந்தவர் என்றாலும் வேலை தெரிந்தவர்தான்.

இன்னொருவர் அனுசுயா. வயது முப்பத்தெட்டு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகிறது. நெருப்பெரிச்சலில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். குணாவின் நிகழ்ச்சிக்கு வாரம் தவறாமல் போன் செய்து அவரையே வாயடைக்க வைத்தவர். போகும்போது குணா சென்னிமலையிடம் சொன்ன ஒரே பெயர் அதுதான். கணவர் இசக்கிமுத்து ஒரு சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட். மனைவி போனில் பேசியதை அவர் வேலையிடத்தில்தான் தெரிந்துகொள்வார், செல்போனில் பார்த்தவர்கள் சிரித்து முடித்துச் சொன்ன பிறகு.

ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை இரண்டு சாம்பிளும் பதிவாயின. செவ்வாய்க்கிழமை சென்னிமலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீரபாண்டிக்குப் போனார். பரணியின் பதிவைப் பார்த்த பெருமாள்சாமி, முடியை மட்டும் வெட்டச் சொன்னார். அனுசுயாவின் பதிவில் மூன்று இடத்தில் தன்னை மறந்து சிரித்தார். பாத்ரூம் போகக் கம்பெனியில் வாங்க வேண்டிய டோக்கனைப் பற்றி அனுசுயா பேசத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்தப் புள்ள நல்லாத்தான் பேசுதுங்க சென்னிமலை. ஆனா அடுத்த மாசம் எங்களுக்குப் பையர் ஆடிட் வருது, வேலைக்காரங்களை எப்படி வச்சிருக்கோம்னு பாப்பாங்க. டோக்கன்ங்கற பேச்சே நம்ம விளம்பரத்துக்கு நடுவுல வரக்கூடாதுங்க.”

பிறகு மற்ற குறைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சென்னிமலை வழக்கம்போல் பையில் வைத்திருந்த கமெண்ட் ஷீட்டை எடுத்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். வேறு ஊர் சேனல்காரர் யாராக இருந்தாலும் திரும்பி வந்து அனுசுயாவிடம் பக்குவமாக வாயால் சொல்லியிருப்பார். சென்னிமலை காகிதத்தையே கொடுத்தார். அதில் ஏதும் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடம் அவர் வாங்கியதும் கொடுத்ததும் அந்தக் காகிதம்தான்.

புதன்கிழமை வேலை முடிந்து சாப்பாட்டுப் பையோடு ராயபுரம் வந்த அனுசுயா, காகிதத்தை மேசையில் வைத்துக் கையால் தேய்த்து மடிப்பை நீக்கினார். மேலிருந்து கீழாக விரலை ஓட்டி ஒருமுறை படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

ஒன்று, பேச்சு: நம்ம பக்கத்துப் பேச்சாக மாற்றவும். இரண்டு, டோக்கன் ஜோக்: நீக்கவும். மூன்று, சிரிப்பு: சத்தம் குறைக்கவும். நான்கு, சேலை: நிறம் பொருந்தவில்லை, கம்பெனி நீலத்தில் கட்டவும். ஐந்து, வயது: கூடுதலாகத் தெரிகிறது, சரிசெய்யவும்.

“இது எனக்கா அண்ணாச்சி?”

“ஆமாங்க அம்மணி. எல்லாருக்கும் வர்றதுதானுங்க. சரி பண்ணி மறு சாம்பிள் எடுத்துட்டா முடிஞ்சுதுங்க.”

“அந்தத் தம்பிக்கு எத்தனை கமெண்ட்?”

“ஒண்ணுங்க. முடி.”

“அஞ்சாவதை எப்படிச் சரிபண்ணணும்னு பையர் சொல்லலையாக்கும்?”

சென்னிமலை பேனாவை மூடினார். அது பெருமாள்சாமி சொன்ன வார்த்தை, தான் எழுதியது மட்டும்தான் என்றார். முதல் நான்கையாவது சரிசெய்தால் ஐந்தாவதைப் பேசிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

“மறு சாம்பிள் கிடையாது அண்ணாச்சி. இந்த அஞ்சையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கது வேற ஆளு. அந்த ஆளு வேணும்னா அவளையே கூப்பிட்டுக்கிடுங்க. சனிக்கிழமை எனக்கு லைவ் தாரேன்னு சொன்னீக. அதை மட்டும் தாங்க.”

வாக்குக் கொடுத்தது உண்மை என்பதால் சென்னிமலையால் மறுக்க முடியவில்லை. சனிக்கிழமைக்குள் மனம் மாறும் என்று நினைத்தார். அனுசுயா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைசிப் பஸ்ஸுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் நெருப்பெரிச்சல் கம்பெனியில் சூப்பர்வைசர் அவரை மேசையிலிருந்து அழைத்தார். வீரபாண்டி பெருமாள்சாமியிடமிருந்து அந்தக் கம்பெனி முதலாளிக்குப் போன் வந்திருந்தது. டிவியா, செக்கிங்கா என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும், நாளை இரவு டிவியில் முகம் தெரிந்தால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் அனுசுயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அனுசுயா சரி என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பி, மாலைவரை இருநூற்றுப் பதினாறு பீஸ் பார்த்தார். இசக்கிமுத்துவிடம் அன்று மாலை விஷயத்தைச் சொன்னார். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பத்தரைக்கா பத்தே முக்காலுக்கா தொடங்கும் என்று கேட்டார்.

அன்றிரவு பரணியின் நேரலை நன்றாகவே போனது. முடி வெட்டியிருந்தார். முப்பத்தொரு அழைப்புகள் வந்தன.

சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். பத்தரை மணிக்கும் கடைவீதியில் கூட்டம் குறையவில்லை. அனுசுயா ஞாயிற்றுக்கிழமை கட்டிய அதே அரக்குச் சேலையில் வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஒளிபரப்பை நிறுத்தவும் தொடரவுமான பொத்தான்களுக்கு முன் சென்னிமலையே உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்த பரணி, ஆள் போதாததால் தொலைபேசிகளை எடுக்க உட்கார்ந்தார்.

கேமரா ஓடத் தொடங்கியதும் அனுசுயா மேசையில் காகிதத்தை விரித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் நெருப்பெரிச்சல் அனுசுயா. இந்த வேலைக்கு என்னை சாம்பிள் எடுத்தாக. இது எனக்கு வந்த கமெண்ட் ஷீட். பதினோரு வருசமா அடுத்தவுக தச்சதுல குத்தம் பாத்தவ நான். எனக்கே இப்பத்தான் கமெண்ட் வந்திருக்கு. ஒவ்வொண்ணா வாசிக்கேன். எது குத்தம், எது குத்தமில்லைன்னு நீங்க போன் போட்டுச் சொல்லுங்க.”

முதலாவதை வாசித்தார்.

“பேச்சை இந்தப் பக்கத்துப் பேச்சா மாத்தணுமாம். இந்த ஊரு பனியன்ல பாதி எங்க ஊரு ஆளுக தச்சது. மிச்சத்துல பாதி பீகார்க்காரன் தச்சது. எந்த நாட்டுக்காரனாவது, கழுத்துப் பக்கம் சங்கரன்கோவில் பேச்சு ஒட்டியிருக்குன்னு ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கானா? தைக்கப்ப வாசனை அடிக்கல, பேசுனா மட்டும் அடிக்குதோ?”

இரண்டு தொலைபேசியும் ஒன்றாக ஒலித்தன. அவற்றைக் காத்திருக்க வைத்துவிட்டு அனுசுயா இரண்டாவதுக்குப் போனார். எதை நீக்கச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால்தானே நீக்க முடியும் என்று சொல்லிக் கதையை முழுதாகச் சொன்னார்.

“எங்க செக்கிங்ல அறுபத்திரெண்டு பொம்பளைக. பாத்ரூம் போக டோக்கன் ரெண்டு. ஒருநாள் அதுல ஒண்ணைக் காணோம். ஊசி உடைஞ்சா துண்டு கிடைக்கது வரைக்கும் லைனை நிறுத்தித் தேடுவோம்ல, அதே மாதிரி லைனை நிறுத்திட்டாக. துணிக்கட்டைப் பிரிச்சாச்சு, குப்பையைக் கொட்டியாச்சு, ஒவ்வொருத்தி டப்பாவையும் திறந்தாச்சு. ஒன்றரை மணி நேரம். கடைசில பாத்தா சூப்பர்வைசர் சட்டைப் பையில இருக்கு. ‘ஏன் சார் நீங்க வச்சிருக்கீக’ன்னு கேட்டா, ‘காலையில நான் போயிட்டு வந்தேன்மா’ங்காரு. அவரைக் கேக்க ஆளே கிடையாது. ஆனாலும் டோக்கன் இல்லாம போக மனுசனுக்குப் பயம்.”

பரணி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஓர் அழைப்பை உள்ளே விட்டார். பெண் குரல்.

“வீரபாண்டியிலிருந்து பேசறேனுங்க. பேர் வேண்டாமுங்க. எங்க கம்பெனியில மூணு டோக்கனுங்க.”

“மூணா?” என்றார் அனுசுயா. “அங்க ஆள் எடுக்காகளாக்கா?”

அப்போது சென்னிமலையின் செல்போன் மேசையில் அதிர்ந்தது. பெருமாள்சாமி. விளம்பரத்தைப் போட்டு மூடச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. இப்போதே நிறுத்தினால் நடந்ததை மறந்துவிடலாம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் விளம்பரம் இல்லை என்றார். சென்னிமலையின் விரல் பொத்தானுக்கு மேல்தான் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அனுசுயா காகிதத்தின் மூன்றாவது வரியில் விரலை வைத்திருந்தார்.

“இன்னும் மூணு கமெண்ட் பாக்கியிருக்குங்க,” என்றார் சென்னிமலை. “முடியட்டுங்க.”

போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். ஒரு பையரிடம் அவர் இப்படிப் பேசியது அதுவே முதல் முறை. பொத்தானிலிருந்து கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“மூணு, சிரிப்புச் சத்தம். இருநூறு தையல் மெஷின் ஓடுத இடத்துல பக்கத்துல நிக்கவகிட்ட பேசிப் பேசி வந்த சத்தம் இது. மெஷினை நிறுத்துங்க, நான் குறைச்சுக்கிடுதேன். நாலு, சேலை. கம்பெனி நீலத்துல கட்டணுமாம். நான் கம்பெனி விளம்பரத்துல நடிக்க வரல, அதுல நடிக்கவுக சேலையே கட்டதில்லை.” அழைப்பில் காத்திருந்த யாரோ சிரித்தது ஒளிபரப்பில் கேட்டது. “அஞ்சு. வயசு கூடத் தெரியுதாம், சரிசெய்யணுமாம். இதுல பொய் சொல்ல மாட்டேன், தெரியத்தான் செய்யும். நின்னுக்கிட்டே பதினோரு வருசம் பாத்தா உங்களுக்கும் தெரியும். வேணும்னா வாஷிங்ல போட்டுப் பாருங்க. சுருங்குவேன். வயசு குறையாது.”

காகிதத்தை மடிக்கவில்லை. அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டு, “சொல்லுங்க, யாரு லைன்ல?” என்றார். ஐம்பது நிமிடத்தில் நூற்று நாற்பது அழைப்புகள் வந்தன. பரணிக்கு எடுக்க முடிந்தது அறுபத்தெட்டு.

திங்கட்கிழமை காலை நெருப்பெரிச்சல் கம்பெனி வாசலில், வருகையைப் பதிவுசெய்யும் கருவி அனுசுயாவின் முகத்தை ஏற்கவில்லை. காவலாளி பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய சாப்பாட்டு டப்பாவையும் கத்தரிக்கோலையும் யாரோ உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று பதினோரு மணிக்குப் பெருமாள்சாமியின் அலுவலகத்திலிருந்து சேனலுக்குக் கடிதம் வந்தது. பரணி தொகுத்தால் விளம்பரம் தொடரும் என்று கடைசி வரியில் இருந்தது. சென்னிமலை பரணியை அழைத்து அதைப் படித்துக்காட்டினார்.

“கொடுத்தீங்கன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டேனுங்க, எனக்கும் வேலை வேணும்,” என்றார் பரணி. “ஆனா சனிக்கிழமை நான்தான் போன் எடுத்தேன். என்னைப் போடச்சொல்லி ஒருத்தர்கூடக் கேக்கலீங்க.”

சென்னிமலை மதியம்வரை கணக்குப் பார்த்தார். மாலை அனுசுயாவை வரச்சொன்னார்.

ஜூன் 25, செவ்வாய்க்கிழமை முதல் ‘ராத்திரி ஷிப்ட்’ நிகழ்ச்சியை அனுசுயா நடத்துகிறார். விளம்பரதாரர் இல்லாததால் ஒரு மணி நேரமாக இருந்தது அரை மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பத்தரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிகிறது.