பத்து மணிக்குத் திரும்ப வேண்டும்

ஆபரேஷன் தியேட்டர் நர்சுக்கு எதையும் எண்ணிப் பார்க்காமல் மூடத் தெரியாது. வயிற்றைத் தைக்கும் முன் கத்தரியையும் பஞ்சையும் எண்ணுவதைப் போலவே மலைக்குப் போகும் பையையும் எண்ணி எண்ணி அடுக்கினாள். நாய் கரியனுக்கென்று தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர், மடக்குக் கிண்ணம், பாதத்தில் சுற்றத் துணி, உண்ணி பிடுங்க இடுக்கி. நாயை உள்ளே விடுவார்களா என்று வன அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாயிற்று. விடுவோம், ஆனால் கயிற்றைக் கழற்றக் கூடாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக்குப் பக்கத்தில் எந்த மிருக வைத்தியர் இருப்பார் என்பதையும் விசாரித்து வைத்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்து தம்பி சிரித்தான். "என்னக்கா, நாயைக் கூட்டிட்டு மலைக்குப் போறியா, இல்ல படையெடுத்துப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. போன கோடையில் அவள் டியூட்டியில் இருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் கரியனை அதே மலைக்கு இழுத்துப் போனவன் அவன். உச்சி வெயில், கறுப்பு நாய், கையில் ஒரே ஒரு சோடா பாட்டில். நான்கு பாதமும் கொப்பளித்து, நாக்கு நீலம் பாரித்து, இரண்டு நாள் டிரிப்ஸில் கிடந்தது கரியன். "தானா குதிச்சு ஓடுச்சு, நான் என்ன பண்ண?" என்று கையை விரித்துவிட்டான். பெயிண்ட் கடையில் சாயம் விற்கிறவனுக்குப் பூசி மெழுகச் சொல்லித் தரவா வேண்டும்? மூன்று மாதம் அவனோடு அவள் பேசவில்லை. ஆனால் வாசலில் அவன் பைக் சத்தம் கேட்டாலே கரியன் வாலை ஆட்டி ஆட்டிப் பாதி ஆகிவிடும். அதற்காகத்தான் மனம் இறங்கி, அவனையும் கூட்டிப்போகச் சம்மதித்தாள்.

"காலையில அஞ்சரைக்குக் கிளம்பறோம். பாறையில புறங்கையை வெச்சுப் பார்ப்பேன், பத்து எண்ணறவரைக்கும் தாங்கணும். எங்க இருந்தாலும் பத்து மணிக்குத் திரும்பறோம். சரியா?"

"சரி, மேடம்."

மறுநாள் அவன் வந்தது ஆறே முக்காலுக்கு. "அலாரம் அடிக்கலக்கா." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கார் கதவைத் திறந்தாள். "நீ லேட்டு. பத்து மணி லேட்டாகாது."

பத்து மணிக்கு மரங்கள் முடிந்து மொட்டைப் பாறை தொடங்கும் இடத்தில் நின்றார்கள். உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தது. அவள் புறங்கையைப் பாறையில் வைத்தாள். நான்கு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள்.

"திரும்பு."

"அரை மணி நேரம்க்கா! இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"திரும்புன்னேன்."

"கரியனையே கேப்போம்" என்று குனிந்து கயிற்றைக் கழற்றிவிட்டு, விசிலடித்தபடி பாறையில் ஏறி ஓடினான் தம்பி. கரியனும் பின்னாலேயே பாய்ந்தது. கொப்பளிக்க வைத்தவன் பின்னால், மருந்து போட்டவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்! நாயின் மேலும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

எட்டிப் பிடித்துக் கரியனின் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டினாள். தம்பியிடம் திரும்பினாள். "ஷூவைக் கழட்டு."

"என்ன?"

"கழட்டுடா. அது வெறுங்காலோடதானே நிக்குது? நீயும் நில்லு."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றினான். வெறும் பாதம் பாறையில் பட்டதுமே துள்ளினான். "ஐயோ!" அடுத்த காலை வைத்தான், அதையும் தூக்கினான். சூடு பட்ட பூனை மாதிரி நிழலுக்கு ஓடினான். அவள் கரியனோடு இறங்கத் தொடங்கினாள்.

கார் அடிவாரத்தைத் தாண்டியது. பிறகு அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "அன்னைக்கு அது தானா ஓடலக்கா. பாதியில படுத்துக்கிச்சு. நான்தான் இழுத்துட்டுப் போனேன். மேல ஒரு போட்டோ எடுக்கணும்னு."

அவள் காரை ஓரங்கட்டினாள். மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது எல்லாம் ஒரே நொடியில் மறுபடி பற்றிக்கொண்டது. படுத்துவிட்ட ஒரு உயிரைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்திருக்கிறான். மறைத்துமிருக்கிறான்.

"இறங்கு."

"உண்மையைச் சொன்னதுக்கா?"

"இவ்வளவு நாள் சொல்லாததுக்கு. அதோ பஸ் ஸ்டாப்."

"ஸாரிக்கா..."

"எங்கிட்ட கேக்காத. இறங்கு."

அவன் இறங்கினான். அவள் காரைக் கிளப்ப, பக்கக் கண்ணாடியில் அவன் சிறிதாகிக்கொண்டே போனான். கரியன் பின் சீட்டில் ஏறி நின்று, பின் ஜன்னலில் மூக்கை அழுத்தி, அவனைப் பார்த்து முனகியது.

"நீ வாயை மூடு" என்று அதட்டினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.