தின்னர் போட்டுத் துடைத்த கெபாசிட்டர்

பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய பாகங்களை, பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்தான் என் மச்சினன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுக்கோடு சேர்ந்து கெபாசிட்டரில் மைனஸ் பக்கத்தைக் காட்டும் கோடும் அழிந்திருந்தது. நீளமான கால் பிளஸ் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லாமல், இரண்டு கால்களையும் ஒரே அளவாக வெட்டியிருந்தான்.

“கோடு இந்தப் பக்கம்தான் இருந்துச்சு மாமா. நல்லா ஞாபகம் இருக்கு.”

“மாத்திப் போட்டா வெடிக்கும்டா.”

“அக்கா தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்.”

அவன் சொன்னபடியே அதைச் சால்டர் வைத்தேன். அத்தோடு நாங்களே செய்த பவர் சப்ளை மேசைமேல் தயாரானது. பிளக்கைச் செருகியதும் என் மனைவி எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பியின் சத்தியம் அவளுக்குத் தெரியாததா?

நான் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன்.

“வா மாப்ள, நீயே சுவிட்சைப் போடு.”

உட்கார்ந்தான். கட்டைவிரல் தடிமனான அந்தக் கெபாசிட்டர் அவன் மூக்குக்கு நேராக நின்றது. சுவிட்சைத் தொட்ட விரல் அப்படியே நின்றுவிட்டது. மேலுதட்டில் வேர்வை அரும்பியது.

“மாமா,” என்றான் மெதுவாக, “அந்தப் பிளக்கைக் கொஞ்சம் பிடுங்குங்களேன்.”