டிரைவரம்மாவின் டப்பாச் செடிகள்

என் மனைவிக்கு உட்காரத் தெரியாது. பஸ் ஓட்டிய காலத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனால் கண்ணாடிக்கு வெளியே ஊர் ஓடிக்கொண்டிருந்ததால் அது உட்காருவதில் சேர்த்தியில்லை என்பாள். ஒரு கோடைக் காலையில், ஒரு திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவர் அவள் பஸ்ஸில் உரசி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, இவளிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். இவளுக்குத்தான் அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை நடுங்கியது. டிப்போவில் நீண்ட லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீடு மாடியில், இரண்டே அறை. முன்னறை ஜன்னலோரம் என் தையல் மிஷின், பக்கத்தில் துணி வெட்டும் மேசை. அவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து தரையைத் தேய்த்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்துகொண்டே இருந்தால் எவனுக்குக் காலர் நேராக வரும்? கொஞ்சம் வெளியே போய்விட்டுத்தான் வாயேன் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். போனாள். மத்தியானம் வரை வரவில்லை. அன்று நான் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்தேன்.

வந்தபோது உள்ளங்கையில் வேரும் மண்ணுமாக ஒரு செடி வைத்திருந்தாள். இத்தனை வருஷமும் நடைபாதை ஓரம் என்றால் டயர் ஏறக்கூடாத இடம் என்று மட்டும்தான் தெரியும், அங்கே இவ்வளவு முளைத்திருக்கிறது என்று யார் கண்டது என்றாள். அது என்ன செடி என்று கேட்டேன். பூத்தால்தான் சொல்ல முடியும் என்று காலி பிஸ்கட் டப்பாவில் நட்டு, என் மிஷினுக்கு எதிரே ஜன்னலில் வைத்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நடப்பதற்கும் ரூட் போட்டுக்கொண்டாள். தபால் ஆபீஸ் பின்சுவர், பூட்டிக் கிடக்கும் அச்சகத்தின் படி, பூங்காவில் தோட்டக்காரர் எட்டிப் பார்க்காத மூலை. தினமும் அதே வரிசை, அதே நிறுத்தங்கள். தோட்டக்காரர் கோபமாகப் பிடுங்கி எறிந்ததையெல்லாம் இவள் பொறுக்கி எடுத்து விசாரித்தாள். பெயர் தெரிந்ததை அங்கேயே விட்டுவிடுவாள். தெரியாதது எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வரும். கோடையில் நெருஞ்சி மஞ்சளாகப் பூத்து, என் செருப்பில் முள்ளாகக் குத்தியது. மழை வந்ததும் அவளைப் பிடிக்க முடியவில்லை. சாக்கடை மூடியின் இடுக்கில் கீழாநெல்லி, அச்சகப் படியில் குப்பைமேனி, எங்கள் மாடிப்படிச் சுவரிலேயே தும்பை. நகரத்துக்கே தாடி முளைத்த மாதிரி இருந்தது. தெருவில் எல்லோரும் டிரைவரம்மா குனிந்தபடியே போகிறாள், எதையோ தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்றார்கள்.

எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பழைய கரண்டியால் டப்பாவில் மண்ணைக் கிளறும்போது அவள் கை நடுங்கவில்லை. நூல் பிடித்த மாதிரி நின்றது. பார்த்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜன்னலில் டப்பாக்களுக்கென்று இரண்டு பலகை அடித்துக் கொடுத்தேன்.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கியபோது அவள் பார்வை புற்களின் மேல் திரும்பியது. புல்லுக்கு ஏது பூ, கிண்டல் பண்ணாதே என்றேன். ஊசியில் நூல் கோக்க நான் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். பார்த்தேன். கதிரில் நூல் பிசிறு போல மஞ்சளாகச் சின்னச் சின்னதாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. இதன் மகரந்தம் காற்றோடு போய்விடும், அதனால் எந்தப் பூச்சியையும் மயக்க வேண்டிய அவசியமில்லை என்றாள். குளிருக்காக ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். இரண்டு பலகையிலும் புல் பூத்து நின்றது.

அந்த வாரம்தான் எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முதலில் தும்மல், பிறகு இருமல், பிறகு நெஞ்சுக்குள் விசில். டாக்டர் மருந்து எழுதினார். வீட்டில் புதிதாகப் பூனை, நாய், செடி கொடி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். எனக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்தக் கரண்டி பிடித்த கையும் ஞாபகம் வந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தங்கை வீட்டில் போய்த் தங்கினேன். இருமல் இருந்த இடம் தெரியவில்லை. திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்த சற்று நேரத்தில் விசில் தொடங்கியது. இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவாள், நான் அடுப்படிக்குப் போய் இருமிவிட்டு வருவேன். துணித் தூசி என்று சமாளித்தேன். அவள் வெளியே போனால் மூச்சு கொஞ்சம் சீராகும், மனசு கெட்டுவிடும். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும் வரை மிஷினைத் தலைகுனிந்து விடாமல் மிதிப்பேன்.

ஒரு காலையில் பேண்ட்டின் அடியை மடித்துக்கொண்டிருந்தேன். தையல்காரர்களுக்கு இருக்கும் கெட்ட பழக்கம், குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருந்தேன். இருமல் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. மூச்சை உள்ளே இழுத்ததும் ஊசிகள் நாக்குக்குப் போய்விட்டன. மேசையைத் தட்டினேன், சத்தம் வரவில்லை. டப்பாவோடு நின்றிருந்தவள் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். ரத்தமும் எச்சிலுமாக ஊசிகள் தரையில் விழுந்தன. எத்தனை வைத்தீர்கள், எத்தனை வைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? கடைசியாக ஒன்று கன்னத்தின் உட்பக்கம் குத்தி நின்றது. அதையும் எடுத்தாள். விரல் ஆடவே இல்லை.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் கிடந்தேன். அவள் கொட்டிக் கிடந்த மண்ணைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"செடி இருக்கான்னு டாக்டர் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னேன். உன் கை நடுங்காம இருக்கேன்னுதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. என் கைக்காக உங்கள் மூச்சை வைத்து விளையாடுவீர்களா, என்னைக் கேட்டால் நான் என்ன உடைந்தா போய்விடுவேன் என்று பொரிந்து தள்ளினாள். ஜன்னலைப் படாரென்று திறந்தாள். புல் டப்பாக்களை அணைத்துத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். வந்தாள், மறுபடி தூக்கினாள். காலியான பலகையைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"நீ தினம் வெளிய போறப்ப எனக்குப் பயமா இருக்கு. அப்படியே நடந்து எங்கயாவது போயிடுவியோன்னு."

கடைசி டப்பா அவள் கையில் இருந்தது. வாசலில் நின்றாள்.

"எனக்கும் அந்தப் பயம்தான்," என்றாள். "தெருவுல பூத்ததைத் தெருவுலயே பாத்துக்கலாமே. எதுக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்னு நினைக்கிறீங்க? பூத்துச்சான்னு பாக்கவாவது திரும்பி வரணும்ல."

"நான் இங்கதான இருக்கேன்," என்றேன்.

"இருக்கீங்க. நான் வர்றப்ப என்னைக்காவது தலையை நிமிர்த்திப் பாத்திருக்கீங்களா?"

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். பேண்ட்டுக்காரர் சாயங்காலம் வந்துவிடுவார். மிஷின் பக்கம் போகப் பிடிக்கவில்லை. தட்டுத்தடுமாறி எழுந்து மாடிப்படியின் மேல்படிக்குப் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே டப்பா வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தபோது முதல் படியில் காலடி விழுந்தது.

பாதிப் படியில் நிமிர்ந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இங்க என்ன பண்றீங்க? வேலை கெடக்குதே."

"கெடக்கட்டும்," என்றேன். "நீ வா."