லாபம், நாலு, ஆறு

பேராசிரியர் மரியஅந்தோணி அன்று காலையிலிருந்து சுவர்க்கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று யாராவது கேட்டிருந்தால், பார்க்கவே இல்லை என்று சாதித்திருப்பார். மனிதர் அப்படி. தன் மனசைத் தவிர உலகத்தில் இருக்கிற மனசு அத்தனையைப் பற்றியும் அவரிடம் கருத்து இருந்தது. மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் அவர் ஒரு பெட்டியைத் திறக்காமலே எரித்தாக வேண்டும். இப்போது மணி நாலேகால்.

பெட்டி மேசைமேல் இருந்தது. மூன்று சக்கரம் வைத்த நம்பர் பூட்டுப் போட்ட சின்னத் தோல்பெட்டி. உள்ளே அவர் மனைவி இன்பமேரி எழுதி வைத்த ஏதோ ஒன்று. என்னவென்று அவருக்குத் தெரியாது. அவள் போய் அன்றோடு ஒரு வருஷம். காலையில்தான் ஏற்காட்டுக் கோயிலில் வருஷப் பூசை முடிந்திருந்தது.

சேலத்துக் கல்லூரி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் தத்துவம் நடத்தி, எண்பத்து மூன்றாம் வருஷம் ஓய்வு பெற்றவர் அவர். உடம்போடு மனசும் முடிந்துபோகும் என்பது அவர் கட்சி. "எண்ணெயும் திரியும் போன பிறகு வெளிச்சம் மட்டும் எந்த ஊருக்குப் போகும்?" என்று வருஷா வருஷம் வகுப்பில் கேட்பார். ஆவி, மறுபிறவி என்று எங்கே பேச்சுக் கிளம்பினாலும் நோட்டுப் புத்தகத்தோடு பஸ் ஏறிவிடுவார். எழுபத்து நாலில் தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில், செத்த அண்ணன் தம்பி வாயால் பேசுகிறான் என்று ஊரே கூடிக் கும்பிட்டது. இவர் போய் இருபது நிமிஷத்தில், அத்தனையும் அண்ணி சொல்லிக்கொடுத்தது என்று போட்டு உடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அதிலிருந்து மாணவர்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்: செத்தவர் சொன்னதாக எது வந்தாலும், உயிரோடு இருக்கிற எவர் வாயில் அது கிளம்பியது என்று முதலில் தேடு.

இன்பமேரி மலையிலேயே பிறந்து மலையிலேயே டீச்சராக இருந்தவள். இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தபோது அவள்தான் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "நீங்க சொல்றது நெசமா, நான் நம்புறது நெசமான்னு பாத்துடலாம். ஒரு நம்பர் வெச்சுப் பூட்டுறேன். போன பிறகு வந்து சொல்றேன்."

வேறு புருஷனாக இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். இவர் காகிதம் எடுத்து நிபந்தனை எழுதினார். ஊகித்துத் திருகிப் பார்க்கக் கூடாது, உடைக்கக் கூடாது, ஒரு வருஷத்துக்குள் எண் வராவிட்டால் எரித்துவிட வேண்டும். கெடு இல்லாத சோதனை சோதனையே இல்லையாம். சாகக் கிடக்கிற பெண்டாட்டியிடம் கையெழுத்து வாங்கின புண்ணியவான் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

எழுதின கை இந்த ஒரு வருஷமாகத் தவித்தது. மூன்று சக்கரத்துக்கு மொத்தம் ஆயிரம் எண்கள். ஒரு மத்தியானம் போதும். ஆகஸ்டில் ஒரு நாள் பூச்சியத்திலிருந்து ஆரம்பித்து நாற்பது வரை திருகிவிட்டு, வெட்கம் பிடுங்கக் கீழே வைத்தார். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவள் முகம் நினைவிருந்தது, குரல் போய்விட்டது. எப்படிப் பேசுவாள் என்று யோசித்தால் வார்த்தை வந்தது, சத்தம் வரவில்லை. கனவிலாவது வருவாளா என்று மத்தியானமெல்லாம் படுத்துப் பார்த்தார். நம்பாத மனிதர், நம்புகிறவனைவிட அதிகமாகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

நாலரைக்குப் பின்வாசலில் சத்தம் கேட்டது. காளியாயி. மலைமேல் தலைச்சோலைக் கிராமத்துக்காரி, பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டில் வேலை செய்தவள், கடைசி மாதங்களில் இன்பமேரியைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவள். எடுத்ததற்கெல்லாம் டீச்சரம்மா பேச்சை இழுக்கிறாள் என்று பேராசிரியர்தான் அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். தனக்கு அழுகை வந்துவிடும் என்ற பயத்துக்கு அவர் வைத்த பெயர் தொந்தரவு. ஆனாலும் அறுப்பு முடிந்ததும் ராகி கொண்டுவரும் வழக்கத்தை அவள் விடவில்லை. மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

"ஏனுங்க சார், பூச ஆயிருச்சுங்களா? பஸ்ஸு பாதியில நின்னு போச்சுங்க. பொழுதுக்குள்ள வரோணும்னு நடந்தே வந்துட்டனுங்க."

"ம்."

"டீச்சரம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க சார். வருசப் பூச அன்னிக்குத்தான் சொல்லோணும்னாங்க. லாபம், நாலு, ஆறு."

பேராசிரியர் சட்டென்று நிமிர்ந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாலு, ஆறு... இன்னொண்ணு? மூணாவது என்ன?"

"அவ்வளவுதானுங்க சார். லாபம், நாலு, ஆறு."

லாபம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருந்தது, இன்பமேரியின் பேரில். அதன் வரவு செலவைத்தான் இவள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார். ஏமாற்றம் அப்படியே கோபமாகத் திரும்பியது.

"லாப நட்டமெல்லாம் தோட்டத்து ரைட்டர்கிட்ட சொல்லு. இன்னிக்குப் போய் இதை எடுத்துக்கிட்டு வர்றியே!"

"இல்லீங்க சார், அது வந்துங்க..."

"போதும் காளியாயி. ராகியை அளந்து வெச்சுட்டுக் கிளம்பு."

அவள் மூட்டையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தகர டின்னைக் கழுவ உட்கார்ந்தாள். கேள்வி கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் அன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டார்.

ஐந்தரை. ஐந்தே முக்கால். நாலும் ஆறும் தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தன. ஒருவேளை அது எண்ணாகவே இருந்தால்? முதல் சக்கரத்தை மட்டும் பத்துத் தடவை திருகினால் தெரிந்துவிடும். கை பூட்டுவரை போனது. ஊகிக்கக் கூடாது என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து கண்முன் வந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

மணி அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். வெந்நீர் அடுப்பில் சில்வர் ஓக் விறகு கணகணவென்று எரிந்தது. இரண்டு கையாலும் பெட்டியை உள்ளே தள்ளினார். தோல் சுருங்கி நாற ஆரம்பித்தது. அதைப் பார்க்க முடியாமல் திரும்பினார்.

தாழ்வாரத்தில் காளியாயி, டின் காய்ந்த பிறகு அப்போதுதான் மூட்டையைப் பிரித்து, வள்ளம் என்கிற அளவுப்படியால் ராகியை அள்ளி அதில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அளவுக்கும் வாய் தன்பாட்டுக்கு எண்ணியது.

"லாபம்..."

கொட்டினாள்.

"ரெண்டு... மூணு..."

பேராசிரியர் அப்படியே நின்றார். விடுதியிலேயே வளர்ந்து தானியம் அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தறியாத மனிதர். "ஒண்ணு எங்கே? நீ ஏன் ஒண்ணுன்னு சொல்லல?" என்று கத்தினார்.

"தானியம் அளக்கையில ஆராச்சும் ஒண்ணும்பாங்களா சார்? மொத அளவு லாபமுங்க."

அவர் அடுப்புக்குள் கையை விட்டார். காளியாயி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். வெந்த விரல்களால் பெட்டியை இழுத்துத் தரையில் போட்டு, சூடேறின சக்கரங்களைத் திருகினார். ஒன்று. நாலு. ஆறு. பூட்டு விட்டுக்கொடுத்தது.

உள்ளே ஓரம் பழுத்த ஒரு காகிதம். அதைப் படிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "வந்துட்டா!" என்று சிரித்தார், அழுதார். முப்பத்தோரு வருஷப் பாடம் முழுக்கத் தப்பாகிப்போனது; வாழ்நாளில் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. "எப்ப வந்தா, காளியாயி? கனவுலயா? என்ன சொன்னா?"

காளியாயி மிரண்டு போனாள். "கனவுங்களா? உசுரோட இருக்கறப்பத்தானுங்க சொன்னாங்க. சாகறதுக்கு நாலு நாளைக்கி முந்தி. 'எண்ணு மறந்துருவே, ராகி அளக்கற மாதிரி நெனப்பு வெச்சுக்க'ன்னு சொன்னாங்க. அந்த நெனப்பு போயிறக்கூடாதுன்னு தெனமும் சொல்லிக்குவனுங்க."

உயிரோடு இருக்கிற எவர் வாயில் கிளம்பியது என்று முதலில் தேடு. அவருடைய விதி அவரையே அடித்தது. கட்சி ஜெயித்துவிட்டது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் காகிதத்தைப் பிரித்தார்.

"வர முடிஞ்சா கட்டாயம் வருவேன். முடியுமான்னு இப்ப எனக்கே பயமா இருக்கு. முடியலன்னா என்ன செய்றது? அதனாலதான் ஒரு ஆளை விட்டுட்டுப் போறேன். உங்ககிட்ட நான் சொல்லாதது எல்லாம் காளியாயிக்குத் தெரியும். ஒரு தடவையாவது அவ பேசறதைக் காது கொடுத்துக் கேளுங்க."

காளியாயி அவர் விரல்களைத் தண்ணீர்க் குவளைக்குள் பிடித்து வைத்திருந்தாள். அவர் தலை நிமிராமல் கேட்டார். "வேற என்ன சொன்னா?"

"நெறையச் சொன்னாங்க சார். நீங்கதான் கேக்கலீங்களே."

"இப்பக் கேக்கறேன். லாபத்துல இருந்து சொல்லு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "நீங்க ரூம்புல நடந்துக்கிட்டே பாடத்தைச் சொல்லிப் பாப்பீங்களே, டீச்சரம்மா கதவோரம் நின்னு கேப்பாங்க. அப்பறம் சமயக்கட்டுக்கு வந்து நொம்ப அளகா உங்கள மாதிரியே பேசிக் காட்டுவாங்க. இப்படிங்க." காளியாயி தொண்டையைச் செருமிக்கொண்டாள். கண்ணாடியைத் தூக்கிவிடுவது போல ஒரு விரலை மூக்கருகே கொண்டுபோனாள். "எண்ணெயும் திரியும் போன பிறகு வெளிச்சம் மட்டும்..." என்று இழுத்தாள்; 'மட்டும்' என்ற இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் குரல் மேலே ஏறி உடைந்தது.

இன்பமேரி சிரிப்பை அடக்கும்போது அவள் குரல் அப்படித்தான் உடையும்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார் பேராசிரியர்.