தரையில் படாத கால்

“டென்ஷன் ஆகாத, பிரியா,” என்றான் தமிழரசு.

“நீங்க சொல்லச் சொல்லத்தாங்க ஆகுது!” என்று கணவன் மீது சீறினாள் கிருஷ்ணப்பிரியா.

பூந்தமல்லியில் லைசென்ஸ் தேர்வு நடக்கும் மைதானம். தரையில் வெள்ளைக் கோட்டில் பெரிய எட்டு. ஸ்கூட்டரில் அதைச் சுற்றி வர வேண்டும். கால் தரையில் பட்டால் அதோடு சரி. ஏற்கெனவே இரண்டு முறை அவளுக்குப் பட்டுவிட்டது.

எல்லாம் கரையான்சாவடி நெரிசலில் பழகிய பழக்கம். பஸ், மாடு, ஷேர் ஆட்டோ எது குறுக்கே வந்தாலும் வேகத்தைக் குறைத்து இரு கால்களையும் ஊன்றிவிடுவாள். அங்கே உயிரைக் காத்த கால், இங்கே தோற்கடித்தது.

திங்கட்கிழமை அவள் ஒரு ஆய்வகத்தில் சேர வேண்டும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை. லைசென்ஸ் இல்லையென்றால் இடம் வேறொருத்திக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பினாள். ரேஷ்மா என்று சற்று முன்புதான் பெயர் சொல்லியிருந்தாள்.

“இன்னாக்கா, கை இப்டி உதறுது?”

“நெஞ்சு வெளியே வந்துடும் போல அடிக்குது. போன தடவையும் இப்படித்தான் அடிச்சுது. காலை ஊன்றிட்டேன்.”

“நா கபடி ஆடுனவக்கா. ரெய்டு போறதுக்கு முன்னாடி டமார் டமார்னு அடிச்சிக்கும். அத்த பயம்னு நெனச்சா காலு பின்னாலதான் போவும். ஒடம்பு ரெடியாவுதுன்னு நெனச்சிக்கினு உள்ள பூந்துருவேன்.”

“அவுட்டே ஆனதில்லையா?”

“ஆவாம? எத்தினி வாட்டி! உள்ள பூந்துல்ல அவுட் ஆனேன்!”

கிருஷ்ணப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. தமிழரசு குறுக்கிட்டான். “அதெல்லாம் வேணாம். மூச்சை இழுத்து விடு. அமைதியா இருந்தாத்தான் ஓட்ட முடியும்.”

ரேஷ்மாவை அழைத்தார்கள். பாய்ந்து போனாள். முதல் வளையத்தைச் சீறிக்கொண்டு கடந்தவள், இரண்டாவதில் கோட்டைத் தாண்டிச் சரிந்து காலை ஊன்றினாள்.

“அடுத்த வாரம் வாம்மா,” என்றார் தேர்வு நடத்தும் வாகன ஆய்வாளர் ஜானகிராமன்.

கிருஷ்ணப்பிரியா ஹெல்மெட் வாரை இறுக்கினாள். தைரியசாலிக்கே இந்தக் கதி!

“கிருஷ்ணப்பிரியா!”

ஸ்கூட்டர் நகர்ந்தது. முதல் வளையம் முடிந்தது. நடுவில், கோடுகள் குறுக்கிடும் இடத்தில், வேகம் குறைந்து முன் சக்கரம் ஆடியது. காதுக்குள் இதயம் இடித்தது. போன முறை இந்தச் சத்தம் கேட்டதும் ‘போச்சு’ என்று நினைத்தாள். நினைத்த கணமே கால் இறங்கிவிட்டது.

இப்போதும் இடது குதிகால், ஸ்கூட்டரில் கால் வைக்கும் பலகையை விட்டு எழும்பியது.

“பயப்படாத!” என்று தமிழரசு கத்தினான்.

‘பயமில்லை. உடம்பு ரெடியாகிறது’ என்று பல்லைக் கடித்தாள். முழுதாக நம்பினாள் என்று சொல்ல முடியாது. பாதி நம்பினாள். அடிக்கட்டும், இன்னும் பலமாக அடிக்கட்டும் என்று ஆக்சிலரேட்டரை முறுக்கினாள்.

வண்டி முன்னால் எகிறியது. சக்கரம் நேரானது. வளைவு... கோட்டின் விளிம்பு... ஒரு விரல்கடை இடைவெளி... தாண்டிவிட்டாள்! இடது கால் பலகையில் அழுந்திக் கிடந்தது.

ஜானகிராமன் தலை நிமிராமலே சொன்னார்: “பாஸ். அடுத்து!”

ரேஷ்மா மரத்தடியிலிருந்து விசிலடித்தாள். தமிழரசு ஓடி வந்தான்.

“பார்த்தியா? டென்ஷன் இல்லாம ஓட்டின, ஜெயிச்சுட்ட.”

“டென்ஷனோடதாங்க ஓட்டினேன்,” என்றாள் அவள். கை இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அதே கையால் போனை எடுத்து ஆய்வகத்தை அழைத்தாள்.

“மேடம், பாஸ் பண்ணிட்டேன். திங்கட்கிழமை முதல்ல எந்த வீட்டுக்குப் போகணும்?”