ஆற்றோரம் போன நடு அறை

எங்கள் வீட்டு நடு அறையை ரிப்பேருக்கு எடுத்துப்போன காண்ட்ராக்டர் மருதமுத்து அதை இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அறைக்குள் என் கணவர் இருக்கிறார்.

அறை ஒழுகியது. மழைக்காலம் தொடங்கும் முன் பார்த்துவிடலாம் என்று மருதமுத்துவை வரச் சொன்னோம். அவர் அண்ணாந்து பார்த்தார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். தட்டிய விரலை முகர்ந்தார்.

"இங்க வச்சுப் பார்க்கிற வேலை இல்லக்கா இது. எடுத்துட்டுப் போயிடறேன். பட்டறையில வச்சு நிதானமாப் பண்ணுவோம். ஒரு வாரம்."

எங்கள் ஊரில் பெரிய ஒழுகல் என்றால் அறையை எடுத்துப்போவதுதான் வழக்கம். எடுக்கும் முன் அளவு பார்ப்பார்கள். அளவு பார்க்கும் நேரத்தில் உள்ளே என்ன இருக்கிறதோ அது அறையைச் சேர்ந்தது. வேலை முடிந்து ஒப்படைக்கும்வரை அதை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் அறை பழைய இடத்தில் சரியாக உட்காராமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும்; அந்த இடைவெளி வழியாக மறுபடி ஒழுகும். விவரம் தெரிந்தவர்கள் கட்டில், பீரோவை எல்லாம் முன்கூட்டியே அப்புறப்படுத்திவிடுவார்கள். நாங்களும் அப்புறப்படுத்தினோம். ஒரு நாற்காலி மட்டும் மிஞ்சியது.

அன்று மருதமுத்துவின் ஆள் வரவில்லை. "சார், இந்த டேப்போட முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். என் கணவர் ஞானசம்பந்தம், யார் எதை நீட்டினாலும் பிடித்துக்கொள்கிறவர். பிடித்துக்கொண்டார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மருதமுத்து உரக்கச் சொல்லி முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

"சார் உள்ள இருந்துட்டீங்களே" என்றார் மருதமுத்து.

"ஆமாம்."

"ஒரு வாரந்தானே சார்."

"ஒரு வாரந்தானே" என்று என் கணவர் என்னிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் லாரி வந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டின் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் வானம் இருந்தது. முன்னறையிலிருந்து தண்ணீர் குடிக்கப் போவதென்றால் வெயிலில் போகவேண்டும், மழை வந்தால் குடை பிடித்துப் போகவேண்டும். அடுத்த வீட்டு லலிதாம்பிகை சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"நல்லா காத்து வருதே வசு. வடாம் போடறதுன்னா சொல்லு, நானும் கொண்டு வரேன்."

வடாம் போட்டோம். நன்றாகக் காய்ந்தது.

என் கணவருக்குத் தினமும் மதியச் சாப்பாட்டைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பட்டறை என்பது ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு பெரிய மைதானம். ரிப்பேருக்கு வந்த அறைகளை அங்கே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பார்ப்பதற்கு ஒரு தெருவைப்போல இருந்தது. சிலவற்றில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு சமையலறையோடு வந்த ஒருவர் காலையில் எல்லோருக்கும் தோசை வார்த்து ஜன்னல் வழியாகக் கைமாற்றிவிடுவாராம். எதிர்வரிசையில் ஒரு பூஜையறை. அதில் ஒரு அம்மாள், முழங்காலை நீட்டக்கூட இடமில்லாமல்.

"உங்க வீட்டுக்காரருக்கு நாற்காலி இருக்கு. கொடுத்து வச்சவர்" என்றாள் அந்த அம்மாள்.

"நீங்க எப்படி உள்ள மாட்டிக்கிட்டீங்க?"

"விளக்கேத்திட்டிருந்தேன். இந்த ஆளு வர்ற நேரம் எப்போ நல்ல நேரமா இருந்திருக்கு?"

நான் ஜன்னல் வழியாகத் தூக்கை நீட்டுவேன். என் கணவர் வாங்கிக்கொண்டு, "குழம்பு நல்லா இருக்கு" என்பார். வீட்டில் இருந்தபோதும் அதைத்தான் சொல்வார். பிறகு நான் கிளம்புவேன். வாரம் முடிந்தது. இன்னொரு வாரமும் முடிந்தது. ஒரு சுவரில் மட்டும் பாதிவரை புதுப்பூச்சு ஏறியிருந்தது.

ஒருநாள் போனபோது எங்கள் அறை இருந்த இடத்தில் புல் மட்டும் அமுங்கிக் கிடந்தது.

மருதமுத்து ஒரு தூணில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, நானே வீட்டுக்கு வந்து சொல்லணும்னு இருந்தேன். எஸ்தர் டீச்சர்னு ஒருத்தவங்க, ஆத்தோரம் வீடு. அவங்க முன்னறை நம்ம கையில இருக்கு, முடியல. அதுக்குள்ள அவங்க வீடு ஒரு பக்கமாச் சாய ஆரம்பிச்சிருச்சு. அளவு பார்த்தா நம்ம ரூமு கச்சிதமாப் பொருந்துது. ரெண்டு நாளைக்கு முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்."

"அவங்க முன்னறையைச் சீக்கிரம் முடிச்சுக் கொடுத்திருக்கலாமே."

"அது ஒரு பல் டாக்டர்கிட்ட இருக்குக்கா. அவரு வெயிட்டிங் ரூமு நம்மகிட்ட இருக்கு."

மருதமுத்து வேலை செய்யும் முறை இதுதான். ஒரு வீட்டின் குறையை இன்னொரு வீட்டின் அறையால் நிரப்புவார். எந்த வீட்டிலும் அவர் வேலை லேசில் முடிந்ததில்லை. எந்த வீடும் விழுந்ததுமில்லை.

நான் தூக்கோடு ஆற்றோரம் போனேன். எங்கள் நடு அறை எஸ்தர் டீச்சரின் வீட்டுக்கு முன்னறையாக நின்றுகொண்டிருந்தது. சற்றுக் கோணலாக, ஆனாலும் உறுதியாக. கதவைத் தட்டினேன்.

டீச்சர் பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். "வாங்க, வாங்க. நீங்கதான் சாரோட வீட்டம்மாவா? உட்காருங்க" என்று எனக்கு ஒரு முக்காலியைப் போட்டார்.

எங்கள் நடு அறையில் நான் விருந்தாளியாக உட்கார்ந்தேன்.

"டீ சாப்பிடுறியா?" என்று என் கணவர் கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. எங்கள் வீட்டில் டீ போடுகிறவள் நான்.

"சாப்பிடுறேன்" என்றேன்.

நடு அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. எங்கள் வீட்டில் அது லலிதாம்பிகையின் சுவரைப் பார்த்து இருந்தது. கையை நீட்டினால் சுவரில் இடிக்கும். இங்கே அது காவிரியைப் பார்த்து இருந்தது. என் கணவர் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். அவர் மடியில் ஒரு அட்டையும் பென்சிலும் இருந்தன.

"சார் வாத்து வரையறார்" என்றார் டீச்சர்.

"வாத்து மாதிரியா இருக்கு? உண்மையைச் சொல்லுங்க டீச்சர்."

"கெட்டில் மாதிரி இருக்கு சார். ஆனா நீந்துற கெட்டில்."

என் கணவர் சிரித்தார். பற்கள் தெரிய, தோள் குலுங்க. அவருக்கு இடது பக்கம் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். எப்போது போயிற்றென்று கேட்கத் தோன்றியது. டீச்சர் எதிரில் கேட்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

வாசல்வரை வந்து டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "என் முன்னறையில என் தங்கச்சி இருக்கா. அளவு எடுக்கிறப்போ தூங்கிட்டிருந்தா. நான் பல் வலின்னு சொல்லிக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒரு பல்லைத் தட்டிப் பார்த்துட்டுத்தான் அனுப்புறார்."

அன்றிலிருந்து சாப்பாட்டில் டீச்சருக்கும் சேர்த்து வைத்தேன்.

மருதமுத்துவைத் துரத்தினேன். காலையில் போன் செய்தால், "வந்துட்டே இருக்கேன்க்கா" என்பார். மாலையில் செய்தாலும் வந்துகொண்டேதான் இருப்பார். மேஸ்திரிக்குக் காய்ச்சல், மணல் வரவில்லை, லாரிக்காரன் கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறான். எதிலும் பொய் இல்லை; விசாரித்துப் பார்த்தேன், எல்லாம் நிஜம்.

கடைசியில் அவருக்குக் காபி கொடுப்பதை நிறுத்தினேன். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு வந்தாலும் முதலில் என்னிடம் வந்து காபி குடிப்பார். அன்றும் வந்து வாசலில் உட்கார்ந்தார். நான் டிகாக்‌ஷன் இறக்கினேன், பால் காய்ச்சினேன், மணம் வாசல்வரை போகட்டும் என்று விட்டேன். டம்ளரை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"ரூமைக் கொண்டாங்க. அப்புறம் காபி."

மருதமுத்து டம்ளரைப் பார்த்தார். "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. வேலையை முடிச்சுட்டா அப்புறம் அந்த வீட்டுக்கு நான் எதுக்குப் போறது? முடிச்சுக் கொடுத்த வீட்டுல, ரோட்டுல பார்த்தாக்கூட யாருன்னு கேக்குறாங்க."

"நான் கேக்க மாட்டேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க."

ஆனாலும் எழுந்து, "நாளைக்குக் காலையில லாரி வரும்" என்றார். வந்தது. அவர் சொன்ன நாளில் வந்த ஒரே லாரி அதுதான் என்று பிறகு பட்டறையில் பேசிக்கொண்டார்கள்.

நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றோரம் போனேன். எஸ்தர் டீச்சர் தன் பொருட்களை எங்கள் அறையிலிருந்து எடுத்து வாசலில் அடுக்கியிருந்தார். அட்டைகள், பென்சில் டப்பா, முக்காலி.

"எடுத்துக்கங்க. உங்க ரூம்தானே" என்றார்.

"நீங்க எங்க இருப்பீங்க?"

"வீடு சாயறவரைக்கும் வீட்லதான்."

முன்னாலேயே வந்து நின்ற மருதமுத்து கைகாட்ட, ஆட்கள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். வீட்டின் நெற்றியில் ஒரு விரிசல் ஓடியது. "மேடம், தூக்கிடலாமா? சொந்தக்காரங்க வாயால சொல்லணும்" என்றார் டிரைவர். அதுவும் ஒரு வழக்கம்.

நான் ஜன்னலண்டை போனேன். என் கணவர் நாற்காலியில் இருந்தார். இத்தனை நாட்களில் முதல் முறையாகக் கையில் தூக்கு இல்லாமல் அவர் முன் நின்றேன்.

"ஏங்க, வர்றீங்களா?"

"உனக்கு எப்படி வசதியோ அப்படிச் செய்."

புடவை எடுப்பதற்கும், வீடு மாற்றுவதற்கும், என் அப்பாவைக் கடைசி நாட்களில் அழைத்து வந்து வைத்துக்கொள்வதற்கும் அவர் சொன்னது இதே வார்த்தைதான். ஆற்றில் ஒரு பரிசல் போய்க்கொண்டிருந்தது. பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, பரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அக்கரை சேரும்வரை நான் காத்திருந்தேன். சேர்ந்த பிறகு அவர் அடுத்த பரிசலைத் தேடினார்.

"இன்னிக்கு வேண்டாம், மருதமுத்து" என்றேன்.

"நானும் அதேதான்க்கா நினைச்சேன்" என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. நான் டிரைவர் பக்கத்தில் ஏறியதும் லாரியைக் கிளப்பிவிட்டார்கள். என்ஜின் சத்தத்துக்கு நடுவில் என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. ஒன்றோ இரண்டோ வார்த்தைதான். லாரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். என்ன சொன்னார் என்று பிடிபடவில்லை.

மறுநாள் சாப்பாடு கொண்டுபோனபோது கேட்டேன்.

"நேத்து என்ன சொன்னீங்க?"

அவர் யோசித்தார். "ஏதோ சொன்னேன். இப்போ என்ன அதுக்கு?" என்றார். பிறகு, "குழம்பு நல்லா இருக்கு" என்றார்.

இப்போதும் சில சமயம் குழம்பு கொதிக்கும்போது அந்த வாயசைவை நானே செய்து பார்க்கிறேன். ஒருநாள் 'வரேன்' என்று வருகிறது. இன்னொரு நாள் 'போயேன்' என்று வருகிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நடுவில் அறை இல்லாமல் இரு பக்கச் சுவர்களும் ஊறத் தொடங்கின. மருதமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. "தற்காலிகமா ஒண்ணு வைக்கிறேன்க்கா. சொந்தக்காரங்க வடக்கே போயிட்டாங்க, இப்போதைக்குக் கேக்க மாட்டாங்க" என்றார். அடுத்த வாரமே லாரியில் ஒரு நீளமான அறை வந்தது. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இறக்கினார்கள். ஒட்டிக்கொண்டது. காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அளவு எடுத்தபோது நடந்துகொண்டிருந்ததாம். பட்டும் சரிகையுமாக ஒரு வரிசை ஆட்கள் இலை முன் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையும் காய்ந்திருந்தது. பாயசம்வரை முடித்திருந்தார்கள்.

"மோர் வரவேயில்லை பாருங்க" என்றார் முதல் இலைக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம். "கேக்குறதுக்கு ஒரு நாதி இல்லை."

"அன்னிக்கே சொன்னேன். சம்பந்தம் பேசுறப்பவே அவங்க கவனிப்பு தெரிஞ்சு போச்சு" என்றாள் மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள். பிறகு நிலைப்படியில் நின்ற என்னைப் பார்த்தாள். "ஏம்மா, நீ பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

மழை கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

"பொண்ணு வீடு" என்றேன்.

"அப்போ மோரைக் கொண்டாம்மா. எவ்வளவு நேரந்தான் கையைக் காயவச்சிட்டு உட்கார்ந்திருக்கிறது?"

நான் மோர் கலக்கப் போனேன்.